வெங்காயப் பாத்தியில் நின்ற இரண்டு பேர்

நான் முன்பு உத்தியோகம் பார்த்த அரசாங்கக் கந்தோரில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் போன மாதம் என்னை ஒரு பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். விவசாய மானிய வேலை முழுவதும் கைபேசிக்குள் போகப்போகிறதாம். விவசாயி வயலில் நின்றபடி விரலால் அமத்தினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்குமாம். அதற்கு முன்னால் பழைய உத்தியோகத்தர் ஒருவர் வந்து அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தார்கள். நான் போய், விவசாயிதான் நாட்டின் முதுகெலும்பு என்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். பிளாஸ்டிக் பூங்கொத்து ஒன்றும் தேநீர்க் கோப்பை ஒன்றும் தந்தார்கள். கோப்பையில் என் பெயரை ரீட்டா என்பதற்குப் பதிலாக ரீனா என்று அச்சடித்திருந்தது. இத்தனை வருடங்களாக ஊராரின் பெயர்களைப் பிழையாக எழுதிவந்த கந்தோர் என்னை மட்டும் விட்டுவைக்கும் என்று நான் எதிர்பார்த்தது என் தவறுதான்.

வெளியே வரும்போது, புதிதாக நியமனம் பெற்ற ஒரு பிள்ளை பின்னால் வந்து கேட்டாள்.

"மிஸ், உண்மையாவே முந்தி விவசாயி யாரெண்டு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

நல்ல கேள்வி. நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. மேடையில் அதைச் சொல்ல நேரம் ஒதுக்கியிருக்கவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் சிலாபத்துக்கு வடக்கே கடற்கரையில் பிறந்தவள். எங்கள் வீட்டில் எல்லா ஆண்களும் கடலுக்குப் போனவர்கள். பயிர் என்று எங்களுக்குத் தெரிந்தது தென்னை மட்டும்தான், அதுவும் வலை உலர்த்த நிழல் தரும் மரமாக. அப்படிப்பட்ட என்னை விவசாயப் பாடசாலைக்கு அனுப்பியது எங்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமி. நெல்லின் தண்டுப் புழுவுக்கு எத்தனை பருவம், மாட்டின் இரைப்பைக்கு எத்தனை அறை என்றெல்லாம் அங்கே மனப்பாடம் செய்தேன். வேலைக்கு வந்த பிறகு அந்தப் புழுவைப் பற்றியோ மாட்டைப் பற்றியோ ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. இரண்டு மொழியிலும் எழுதுவாயா, மோட்டார் சைக்கிள் ஓடுவாயா என்றுதான் கேட்டார்கள். எழுதுவேன், ஓடமாட்டேன் என்றேன். ஓடத் தெரியாத எனக்கு மோட்டார் சைக்கிளும், நன்றாக ஓடத் தெரிந்த பக்கத்து மேசைக்காரருக்கு பஸ் சீசன் டிக்கட்டும் தந்தார்கள். அரசாங்க சேவையில் என் உண்மையான பயிற்சி அன்றோடு முடிந்தது.

முதல் நியமனம் வண்ணாத்திவில்லுவில். அங்கே நெல்லை விவசாயி விதைப்பான், யானை அறுவடை செய்யும். பயிர்ச்சேதத்துக்கு நிவாரணம் கொடுக்க ஒரு படிவம் வைத்திருந்தோம். அது முதலில் களவுக்காகவோ எதற்காகவோ தயாரித்த படிவமாக இருக்க வேண்டும். அதில் 'சேதம் விளைவித்தவரின் பெயரும் முகவரியும்' என்று நிரப்புவதற்கு ஒரு கூடு இருந்தது. வெறுமையாக விட்டால் படிவம் திரும்பி வந்துவிடும். ஆகவே பெயர் யானை என்றும், முகவரி காடு என்றும் எழுதி அனுப்பினேன். அப்படியும் திரும்பி வந்தது. 'முகவரி முழுமையற்றது' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரைச் சேர்த்து மறுபடி அனுப்பினேன். நிவாரணம் வந்தது. அந்த விவசாயி இன்றுவரை என்னை ஒரு திறமைசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்து என்னைக் கற்பிட்டிப் பக்கம் மாற்றினார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புநீர்க் களப்பு, நடுவில் வெறும் மணல். அந்த மணலில் சின்ன வெங்காயம், மிளகாய், பீட்ரூட் என்று சனங்கள் வைத்து எடுத்தார்கள். பாதிக்கு மேல் முஸ்லிம் குடும்பங்கள், மிச்சம் எங்கள் கத்தோலிக்கச் சனம். மணலுக்குத் தண்ணீரும் தங்காது, உரமும் தங்காது. மற்ற ஊரில் ஒருமுறை போடும் உரத்தை இங்கே மூன்று முறை போட வேண்டும். அதனால் எங்கள் கந்தோருக்கு அரசாங்கம் வைத்த நீண்ட பெயரை யாரும் சொல்வதில்லை. உரக்கந்தோர் என்பார்கள். பஸ் கண்டக்டரும் அப்படித்தான் கூவுவான்.

முதலில் நாங்கள் உரத்தை மூட்டையாகவே கொடுத்தோம். பிறகு அரசாங்கம், மூட்டை வேண்டாம், காசை நேரே விவசாயியின் வங்கிக் கணக்கில் போடலாம் என்று முடிவெடுத்தது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கூட உண்டு என்றார்கள். நல்ல முடிவுதான். ஒரேயொரு சிக்கல், விவசாயி யார் என்பது முதலில் தெரிய வேண்டும்.

சுற்றுநிருபத்தின்படி, காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி யாரிடம் இருக்கிறதோ அவர் விவசாயி. காணி வேறொருவருடையது என்றால், அந்தக் காணிக்காரர் கையெழுத்து வைத்த சம்மதக் கடிதம் யாரிடம் இருக்கிறதோ அவர் விவசாயி. கூடவே கிராம சேவகரின் அத்தாட்சி, விவசாயிகள் சங்கத் தலைவரின் ஒப்பம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் வேண்டும். இவ்வளவும் சேர்ந்த பிறகு நான் வயலுக்குப் போய், பயிர் உண்மையாகவே நிற்கிறதா என்று பார்த்து, செய்கையாளரைப் பயிரோடு நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். முகம் தெரிய வேண்டும். பயிர் தெரிய வேண்டும். பின்னால் மரமோ கிணறோ ஏதாவது நிலையான அடையாளம் தெரிய வேண்டும். செய்கையாளரின் கையில் மண் தெரிய வேண்டும் என்று மட்டும் எங்கும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் பகுதியில் வெங்காயம் வைத்தவர்களில் நிறையப் பேருக்குச் சொந்தக் காணி கிடையாது. வாய்ச்சொல்லில் காணியை எடுத்து, விளைந்ததில் ஒரு பங்கைக் காணிக்காரருக்குக் கொடுத்தார்கள். சம்மதக் கடிதம் கேட்டால் காணிக்காரர்கள் தரமாட்டார்கள். கடிதம் கொடுத்தால் நாளைக்கு அதை வைத்துக் காணியில் உரிமை கேட்டுவிடுவார்கள் என்று பயம். ஆகவே உறுதி வைத்திருந்தவர் படிவத்துக்குள் விவசாயி ஆனார். நட்டவர் வெளியே நின்றார். கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தவர், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர், பல் வைத்தியர் ஒருவர், எல்லோரும் எங்கள் கணக்கில் வெங்காய விவசாயிகள். கொழும்பு மாடிவீடுகளில் இவ்வளவு வெங்காயம் விளைகிறது என்பது எங்கள் கந்தோர் மூலம்தான் அரசாங்கத்துக்கே தெரியவந்திருக்கும்.

இந்த இடத்தில் எங்கள் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குலரத்தினம் சேர். முன்னேஸ்வரத்துக்காரர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனை. கறுப்புப் பேனை தன் கையெழுத்துக்கு, சிவப்புப் பேனை மற்றவர்களின் பிழைக்கு. யாரையும் ஏசமாட்டார். யாருக்கும் 'இல்லை' என்று சொல்லமாட்டார். வந்தவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி சொல்லி, கதை முழுவதையும் கேட்டுக் கண்கூடக் கலங்குவார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து சுற்றுநிருபக் கோவையை எடுப்பார். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். உரிய பந்தி கிடைத்ததும் எழுந்து நிற்பார். சுற்றுநிருபத்தை அவர் ஒருநாளும் இருந்துகொண்டு வாசித்ததில்லை. வாசித்து முடித்ததும் கோவையை மெதுவாக மூடி, "இதில இடமில்லையே," என்பார், செத்தவீட்டில் துக்கம் விசாரிக்கும் குரலில். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். வாசலைத் தாண்டிய பிறகுதான் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அவருக்கு உறைக்கும்.

நஸீமா என்ற பெண்ணை நான் முதலில் கண்டதும் அந்தக் கதிரையில்தான். மன்னார்ப் பக்கத்தில் பிறந்து, சிறு பிள்ளையாக இருக்கும்போதே யுத்தத்தில் குடும்பத்தோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்து முகாமில் வளர்ந்து, இங்கேயே கலியாணம் முடித்தவர். கணவர் வெளிநாட்டு வேலைக்குப் போய் அங்கேயே வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டார். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சலீம் ஹாஜியார் என்பவரின் இரண்டு ஏக்கரில் வெங்காயம் வைத்தார். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு காணிக்கு. உரம், விதை, மருந்து, மோட்டருக்கு எண்ணெய் எல்லாம் நஸீமாவின் செலவு. மானியம் ஹாஜியாரின் கணக்குக்கு.

சேர் வழக்கம்போல எழுந்து நின்று வாசித்து, இடமில்லையே என்றார். ஆனால் நஸீமா நன்றி சொல்லவில்லை.

"சேர், அந்தப் பந்திய எழுதின ஆள் வெங்காயம் வச்சிருப்பாரா?" என்று கேட்டார்.

சேர் அதை உண்மையான சந்தேகமாக எடுத்துக்கொண்டு, எழுதியவர் யார் என்று கடைசிப் பக்கத்தில் தேடினார்.

அந்தப் போகத்தில் ஹாஜியாரின் விண்ணப்பம் எல்லாப் பிரதிகளோடும் ஒழுங்காக வந்தது. படம் எடுக்க நான் வயலுக்குப் போனேன். வெங்காயம் கிழங்கு வைக்கத் தொடங்கியிருந்த நேரம். நஸீமா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழாயைப் பிடித்துப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஹாஜியார் குளிரூட்டிய வேனில் வந்து இறங்கினார். வெள்ளைச் சாரம், மடிப்புக் கலையாத சேட்டு, புதுச் சப்பாத்து. மரியாதையான மனிதர். என்னோடு பேசும்போது என் கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்துக்கும் சேர்த்து மரியாதை கொடுப்பார்.

"எங்க நிக்கணும் மிஸ்?"

"பயிரோட, ஹாஜியார்."

அவர் நேரே பாத்திக்குள் காலை வைத்தார்.

"ஹாஜியார், பாத்தி! மிதிக்காதீங்க, வாய்க்காலால வாங்க!" என்று நஸீமா கத்தினார்.

"என்ட காணியில நான் மிதிக்கக் கூடாதா புள்ள?" என்று ஹாஜியார் சிரித்தார். உண்மையாகவே பகிடிக்குத்தான் சொன்னார். சப்பாத்துக்கு அடியில் நாலைந்து வெங்காயத் தாள் நசுங்கிக் கிடந்தது.

நான் கந்தோர் கைபேசியைத் தூக்கினேன். ஹாஜியார் சேட்டைச் சரிசெய்து கொண்டார். பின்னால் கிணறு தெரிந்தது. பக்கத்தில் நஸீமாவும் தெரிந்தார்.

"நீ கொஞ்சம் அங்கால போ புள்ள, படம் எடுக்கிறாங்க."

"நான் ஏன் போகணும்? தண்ணி விட்டுக்கொண்டிருக்கிறன்."

"உன்ட முகமும் விழும்."

"விழட்டும். பயிரோட நிக்கிற ஆளத்தானே எடுக்கணும்? நான் நிக்கிறன்."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் கைபேசியைப் பார்த்தேன். குழாயிலிருந்து தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. நஸீமா அசையவில்லை. முகத்தை நேரே எனக்குக் காட்டிக்கொண்டு, கலியாணப் படத்துக்கு நிற்பதைப் போல நின்றார். செய்கையாளர் பயிரோடு நிற்கும் படத்தை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். எடுத்தேன். இதைத் துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். உச்சி வெயில், பசி, இன்னும் பார்க்க வேண்டிய வயல்கள் இருந்தன. அதோடு, அவரை விலகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் சேர் படத்தைக் கண்ணாடி கழற்றியும் பார்த்தார், போட்டும் பார்த்தார்.

"ரீட்டா, இதில ரெண்டு பேர் நிக்கிறாங்களே."

"ஓம் சேர்."

"செய்கையாளர் யார்?"

"படிவத்தின்படி சப்பாத்துப் போட்டவர். பாத்தியின்படி குழாய் பிடிச்சவ."

"ஒருத்தர வெட்டேலாதா?"

"யார வெட்ட, சேர்?"

அவர் லாச்சியைத் திறந்தார். புரட்டினார். எழுந்து நின்றார். படத்தில் எவ்வித மாற்றமும் செய்யப்படலாகாது என்று ஒரு பந்தி இருந்தது. நின்றபடியே அதை இரண்டு தரம் வாசித்தார்.

"வெட்ட இடமில்லையே," என்றார்.

ஆகவே என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். ஒரே படத்தில் இருவர் ஏன் காணப்படுகின்றனர் என்பது கேள்வி. 'இருவர் நின்றபடியால் இருவர் காணப்படுகின்றனர்' என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஓர் ஒற்றுப் பிழையைச் சிவப்புப் பேனையால் திருத்தி, கோவையில் வைத்து, விசாரணைக்கு இருவரையும் கூப்பிட்டார்.

விசாரணை சேரின் அறையில் நடந்தது. தேத்தண்ணி, மாரி பிஸ்கட். ஹாஜியார் முதலில் பேசினார். அந்தப் பிள்ளை தன் காணியில் வேலை செய்கிற ஆள், வேறொன்றுமில்லை என்றார். சேர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். எழுதி வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"வேலையாள் எண்டால் நாட்கூலி எவ்வளவு குடுக்கிறீங்க ஹாஜியார்? இதில ஒரு கூடு இருக்கு, அதை நிரப்பணும்."

ஹாஜியார் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

"கூலி எண்டு இல்ல. விளைஞ்சதில பங்கு."

"அப்ப பங்கு எண்டு போடட்டா?"

பங்கு என்று எழுதினால் நஸீமா கூலிக்காரியில்லை, காணியைச் செய்கிறவர். அது அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிடும். கூலி என்று எழுதினால், கொடுக்காத கூலியைக் கொடுத்ததாகச் சொல்ல வேண்டும். அது உண்மையா என்று கேட்டுப் பார்க்க நஸீமாவும் எதிர்க் கதிரையில்தான் இருந்தார். சேர் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உலகத்தில் எந்த அவசரமும் இல்லாதவர்போலக் காத்திருந்தார். தெரிந்து கேட்டாரா, கூடு வெறுமையாகக் கிடப்பது பொறுக்காமல் கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"நான் விண்ணப்பத்தையே திருப்பி எடுக்கிறன்," என்றார் ஹாஜியார்.

ஆக, அந்த இரண்டு ஏக்கருக்கு அந்தப் போகம் ஒருவருக்கும் மானியம் கிடைக்கவில்லை. மானிய நிதியைச் சிக்கனமாகக் கையாண்டதற்காக எங்கள் கந்தோரை மாவட்டக் கூட்டத்தில் பாராட்டினார்கள். சேர் என்னையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

அந்தப் பாராட்டின் சூடு ஆறுவதற்கு முன்னால் நஸீமா கந்தோருக்கு ஓடி வந்தார். செருப்பில்லை. முந்தானை தோளில் இருந்து நழுவியிருந்தது. ஹாஜியாரின் டிரைவர் வந்து தண்ணீர் மோட்டர் கொட்டிலைப் பூட்டி, பூட்டின் திறப்பைக் கொண்டுபோய்விட்டான். மணல் பாத்தி, கிழங்கு பெருக்கும் காலம், அடிக்கிற வெயில். மோட்டர் ஓடாவிட்டால் அந்தப் பயிர் நின்ற இடத்திலேயே அவிந்துபோகும். விதைக்கும் உரத்துக்கும் தன் காதில் கிடந்ததை அடகு வைத்திருந்தார் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். காது வெறுமையாக இருந்தது.

சேர் கதிரையைக் காட்டினார். நஸீமா இருக்கவில்லை.

"சேர், எனக்கு உங்கட மானியம் வேணாம். அதை அரசாங்கமே வச்சிருக்கட்டும். எனக்குத் தண்ணி வேணும்."

"உக்காருங்க தங்கச்சி. தேத்தண்ணி..."

"தேத்தண்ணி வேணாம் சேர்! வெங்காயத்துக்குத் தண்ணி வேணும்! வாளியால அள்ளி ஊத்திப் பாத்தம், நானும் புள்ளைகளும். ஒரு பாத்தி நனையிறதுக்குள்ள முதல் பாத்தி காஞ்சிடுது."

அவர் அழவில்லை. உள்ளங்கைகளை மேசையில் விரித்து வைத்தார். கயிறு உரசித் தோல் உரிந்திருந்தது. சேர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு லாச்சியைத் திறந்தார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். சுற்றுநிருபத்தில் உரத்துக்குப் பந்தி உண்டு, படத்துக்குப் பந்தி உண்டு, பூட்டுக்குப் பந்தி கிடையாது.

அவர் புரட்டினார். முன்பக்கம் போனார், பின்பக்கம் வந்தார். எழுந்து நின்றார். நின்றவர் ஒன்றும் வாசிக்கவில்லை. கோவையை மூடி லாச்சிக்குள் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"ஹாஜியாரா? நான் குலரத்தினம் பேசுறன். சுகமா? வீட்டில எல்லாரும் சுகமா? நல்லது. உங்கட வாபஸ் கடிதம் கிடைச்சது, மிச்சம் நன்றி. அதை முடிக்கிறதுக்கு ஒரு கடைசி வயல் பார்வை செய்யணும். ஓம், ஓம், சின்ன விசயம்தான். பயிர் எப்படி இருக்கெண்டு எழுதணும். வாடியிருந்தால் ஏன் வாடினது எண்டு எழுதணும். மோட்டர் கொட்டில் பூட்டியிருந்தால் யார் பூட்டினது, ஏன் பூட்டினது, உள்ள யார் செய்கை செய்தது எண்டும் எழுதணும். அது மாவட்டத்துக்குப் போகும். காணிப் பிணக்குப் பாக்கிற இடத்துக்கு ஒரு பிரதி போகும். எனக்கு அவ்வளவும் எழுத விருப்பமில்ல ஹாஜியார், கண் நோகும். என்ன? டிரைவர் தெரியாமப் பூட்டிட்டானா? அப்படியும் நடக்கும், பாவம். அப்ப நாங்க பின்னேரம் வாறம்."

தொலைபேசியை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். நஸீமா ஏற்கெனவே வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

"சேர், கடைசி வயல் பார்வை எண்டு ஒண்டு எந்தச் சுற்றுநிருபத்தில இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கும். தேடினால் கிடைக்கும்," என்றார். காதுவரை சிவந்துபோயிருந்தார். அதற்குப் பிறகு அந்த விசயத்தை அவர் என்னோடு பேசவேயில்லை.

பின்னேரம் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி வந்தார். ஓடத் தெரியாத நான் அதற்குள் ஓடப் பழகியிருந்தேன் என்றாலும், வழி நெடுக அவர் தேவாரம் சொல்லிக்கொண்டு வந்தது கேட்டது. கொட்டில் திறந்திருந்தது. மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நஸீமா எங்களைக் கண்டார், தலையசைத்தார், வேலையை விட்டு வரவில்லை. சேர் வாய்க்காலுக்குள் சப்பாத்தோடு நின்று, தண்ணீர் மணலுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பிடிச்சிருக்கு," என்றார். வெங்காயத்தைச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்படியொரு மனிதரைப் பற்றி எத்தனையோ வருடங்கள் நான் சாப்பாட்டு மேசையில் பகிடி சொல்லிக் காலம் தள்ளியிருக்கிறேன். அன்றைக்குப் பிறகும் சொன்னேன், விடவில்லை. ஆனால் வேறு யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காமல் போனது.

நஸீமா வெங்காயத்தை எடுத்தார். மூன்றில் ஒரு பங்கைக் குறைவில்லாமல் ஹாஜியாரின் வேனில் ஏற்றினார். காதுத்தோடு மீண்டது. அடுத்த போகத்துக்குக் காணி இல்லை என்று ஹாஜியார் சொல்லியனுப்பினார். சில நாட்களின் பின் சந்தைக்குப் பக்கத்தில் ஹாஜியார் என்னைக் கண்டு வேனை நிறுத்தினார்.

"மிஸ், நான் கெட்டவனில்ல. என்ட வாப்பா உப்பளத்து வாய்க்கால்ல கூலிக்கு நிண்டு வாங்கின காணி அது. ஒரு கடிதத்தக் குடுத்திட்டு நாளைக்கு வழக்கெண்டு கோட்டில ஏறி நிக்கிறதா?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. எரிச்சலே அதுதான்.

தலவில் பக்கத்தில் அந்தோனி மாஸ்டர் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் தென்னங்காணிக்கு நடுவே ஒரு துண்டு வெறும் நிலம் கிடந்தது. நஸீமா அதைக் கேட்டுப் போனார். மாஸ்டர் எங்கள் தேவாலயத்தைச் சேர்ந்தவர், நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். "நாளைக்கே வந்து கொத்துங்க," என்று அவர் சொல்லியிருக்கிறார். நஸீமா அசையாமல் நின்றாராம்.

"முதல்ல கடுதாசி மாஸ்டர். பிறகு மம்பட்டி."

மாஸ்டர் சிரித்து, "உரக்கந்தோர்க்காரி மாதிரிக் கதைக்கிறீங்களே," என்றிருக்கிறார். ஆனால் எழுதிக் கொடுத்தார். முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சிகளோடு. எங்கள் கந்தோர் ஒரு விவசாயிக்கு உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது அதுவொன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கடுதாசியை வைத்து நஸீமா தன் பெயரில் விண்ணப்பித்தார். நான் போய் அவரைத் தனியாக நிறுத்திப் படம் எடுத்தேன். எல்லாம் சரி, எல்லாக் கூடும் நிரம்பியிருந்தது. அதற்குள் குலரத்தினம் சேர் ஓய்வுபெற்று முன்னேஸ்வரத்துக்குப் போய்விட்டார். அரசாங்கமும் தன் மனத்தை மாற்றிக்கொண்டது. செயற்கை உரம் இனி நாட்டுக்குள் வராது, அதற்குக் காசும் கிடையாது, எல்லோரும் சேதனப் பசளை போட வேண்டும் என்றது. குப்பையை மக்கவைத்துச் செய்த பசளை மூட்டைகள் லொறியில் வந்து கந்தோர் வாசலில் மலைபோல் இறங்கின. பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டியது என் வேலை.

நஸீமாவின் பெயரைக் கூப்பிட்டேன். இத்தனை வருடம் மணலோடு மல்லுக்கட்டியவருக்கு, தன் பெயரில் அரசாங்கம் கொடுத்த முதல் மானியம். மூட்டையை அவர் அங்கேயே அவிழ்த்தார். கொஞ்சம் தும்பு, கொஞ்சம் பொலித்தீன், ஒரு போத்தல் மூடி. கையை உள்ளே விட்டுத் துழாவி, ஒரு சிறு பிள்ளையின் இறப்பர் செருப்பை வெளியே எடுத்தார். வார் அறுந்த ஒற்றைச் செருப்பு. வரிசையில் நின்ற எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நஸீமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"மிஸ், மத்தச் செருப்பு அடுத்த போகத்துக்கு வருமா?"

வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. நஸீமா மட்டும் சிரிக்கவில்லை. செருப்பை மூட்டைக்கு மேல் வைத்துவிட்டு, பேனையை வாங்கி, பெற்றுக்கொண்டதற்கான தாளில் நிதானமாகக் கையெழுத்து வைத்தார். பிறகு அந்தத் தாளில் ஓரிடத்தில் விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். 'செய்கையாளர்' என்று அச்சடித்திருந்ததற்குப் பக்கத்தில் அவருடைய முழுப்பெயர் இருந்தது. பிழையில்லாமல் இருந்தது.

"இதில எனக்கு ஒரு போட்டோ கொப்பி எடுத்துத் தாங்க மிஸ்."

உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூட்டையைக் கந்தோர் வாசலிலேயே விட்டுவிட்டு, பஸ்ஸுக்குப் போனார்.